சூம்பிய கையும் கொத்தனார் வேலையும்
(வானொலி மறையுரை)



டிசம்பர் 3-ஆம் நாள் நமக்கு இரண்டு வகையில் முக்கியமான நாள். திருச்சபை அன்று புனித பிரான்சிஸ் சவேரியாரின் விழாவைக் கொண்டாடுகிறது. 1992 முதல் ஐக்கிய நாடுகள் அவை அதே நாளை உலக மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. இவ்விரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயலே. ஆனாலும் பொருத்தமானது. கோவாவில் வந்திறங்கிய சவேரியார் மருத்துவமனை நோயாளர்களோடு தங்கினார்; ஞாயிற்றுக்கிழமைகளில் நகருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளரிடம் சென்று திருப்பலி நிறைவேற்றினார் என்று அவரது வரலாறு சொல்கிறது.

இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் நற்செய்திப் பகுதி மாற்கு 3:1-6. ஓய்வுநாளில் இயேசு தொழுகைக்கூடத்திற்குச் செல்கிறார். அங்கே கை சூம்பிய ஒருவர் இருக்கிறார். லூக்கா ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்க்கிறார்: அது அவருடைய வலக்கை. அதாவது, உழைக்கும் கை. இயேசு அவரை எழுப்பி எல்லாருக்கும் நடுவே நிற்கச் சொல்கிறார். பிறகு கையை நீட்டச் சொல்கிறார். கை நலமாகிறது.

புனித ஜெரோம் மத்தேயு நற்செய்திக்கு எழுதிய விளக்கவுரையில் அரிய செய்தி ஒன்றைத் தருகிறார். அக்காலத்தில் நாசரேயர்கள் பயன்படுத்திய ஒரு நற்செய்தி நூலில் இந்த மனிதர் ஒரு கொத்தனார் என்று சொல்லப்பட்டிருந்ததாம். தன் கையால் பிழைப்பு நடத்தியவர் அவர். வெட்கத்தோடு பிச்சை எடுத்து உண்ணும் நிலை வேண்டாம், கையைத் திருப்பித் தாரும் என்று இயேசுவிடம் மன்றாடினாராம். அந்த நூல் நம் திருவிவிலியத்தில் இல்லை. ஆனால் அந்த மன்றாட்டை ஓசூரிலும் பர்கூரிலும் வாழும் நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்டது வெறும் சதையும் எலும்பும் அல்ல. வேலையைக் கேட்டார், வீட்டுக்குக் கூலி கொண்டுபோகும் மதிப்பைக் கேட்டார். இன்று 'மறுவாழ்வு' என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த மறுவாழ்வு நம் நாட்டில் எப்படி வளர்ந்தது, அதில் அரசின் பங்கு என்ன, நம் பங்கு என்ன என்று இன்று பார்ப்போம்.

இரக்கத்தின் காலம்

தொடக்கத்தில் இது முழுக்க இரக்கப்பணியாகவே இருந்தது. 1880-களில் பம்பாயில் காதுகேளாத பிள்ளைகளுக்காகக் கத்தோலிக்க ஆயர் லியோ மெய்ரின் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய பள்ளிகளுக்கு அதுவே முன்னோடி. 1887-இல் அமிர்தசரசில் பார்வையற்றோருக்கான பள்ளியை ஆனி ஷார்ப் என்ற மறைப்பணியாளர் தொடங்கினார். அதே நூற்றாண்டின் இறுதியில் நம் பாளையங்கோட்டையிலும் ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் காதுகேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். கத்தோலிக்கர், பிற சபையினர் என்ற வேறுபாடின்றி கிறிஸ்தவர்கள் முதலடி வைத்தார்கள்.

அன்றைய அரசு என்ன செய்தது? 1898-இல் அது இயற்றிய சட்டம் ஒன்று எடுத்துக்காட்டு. பிச்சை எடுக்கும் தொழுநோயாளரைப் பிடித்துத் தனி இடத்தில் அடைக்கவும், சில தொழில்களைச் செய்ய விடாமல் அவர்களைத் தடுக்கவும் அச்சட்டம் வழிவகுத்தது. நோயாளரைக் காப்பதைவிட நோயாளரிடமிருந்து மற்றவரைக் காப்பதே அதன் நோக்கம். நோயை முற்றிலும் குணமாக்கும் கூட்டு மருந்துகள் 1980-களிலேயே வந்துவிட்டன. ஆனால் அந்தச் சட்டம் நம் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது 2016-இல்தான். மருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே சட்டம் மனம் மாறியது.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் பயணம் செய்தால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று அவர் காட்டினார். அதுவரை அது முடியாத காரியம் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

ஆனால் அவருக்கு எதிர்பாராத அனுபவம் ஒன்று காத்திருந்தது. நலமான கையோடு வீடு சென்ற சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்து முன்பு காசு போட்டவர்கள், நல்ல கையைப் பார்த்ததும் போடுவதில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலையும் யாரும் தருவதில்லை. பிச்சைக்கு உதவாத கையைத் தந்துவிட்டீர்களே என்று ஒருவர் முறையிட்டதை மருத்துவர் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன்பின் மருத்துவமனை வளாகத்தில் குடிசைகள் எழுந்தன. தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுத்தரப்பட்டன. அந்த இடத்திற்கு 'நவஜீவ நிலையம்' என்று பெயர். ஜெரோம் சொன்ன கொத்தனாரின் மன்றாட்டு வேலூரில் மறுபடியும் கேட்டது. கையைக் கொடுத்தாயிற்று, வேலையை யார் கொடுப்பது?

அதே மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்தவர். 1954-இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். இனி மருத்துவப் பணி இல்லை என்று அவரே நினைத்திருந்த வேளையில், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையை மருத்துவர் பிராண்ட் அவருக்குக் காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளை அவர் நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. முதுகுத்தண்டு முறிந்தவர் வீட்டு மூலையில் படுத்துக் கிடக்க வேண்டியவர் என்ற எண்ணத்தை, தாமே அந்த நிலையில் இருந்த ஒரு பெண் மாற்றிக்காட்டினார்.

இரக்கத்திலிருந்து உரிமைக்கு

அன்பார்ந்தவர்களே, இரக்கம் பெரியது. ஆனால் அது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமை அப்படியல்ல. நம் அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, முதுமையிலும் நோயிலும் உடல் இயலாமையிலும் மக்களுக்கு அரசின் உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஆகவே அந்த வாக்குறுதி மெல்ல மெல்லத்தான் நிறைவேறி வருகிறது.

தமிழகத்தில் 1971-இல், பிச்சை எடுத்து வாழ்ந்த தொழுநோயாளருக்காக இரவலர் மறுவாழ்வுத் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கினார். அந்த வழியில் உருவான அரசு மறுவாழ்வு இல்லங்களில் ஒன்று நம் மாவட்டத்தின் பர்கூரில் உள்ளது. பிடித்து அடைக்கச் சொன்ன 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது புரியும்.

1981-ஐ ஐக்கிய நாடுகள் அவை உடல் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதன் 22-ஆவது எண் முழுவதும் மாற்றுத்திறனாளிகளின் உழைப்பைப் பற்றியது. முழு வலிமை உள்ளவர்களை மட்டும் சமூக வாழ்விலும் வேலையிலும் சேர்த்துக்கொள்வது, வலியவர் மெலியவர் மேல் செலுத்தும் பாகுபாடு என்று அவர் கண்டிக்கிறார். இலாபக் கணக்கைவிட மனிதரின் மாண்பு மேலானது என்பதே அவர் காட்டும் அளவுகோல். இது நம் திருச்சபையின் போதனை. தொழிற்சாலை வைத்திருக்கும் கத்தோலிக்கருக்கும், அதில் சூப்பர்வைசராக இருக்கும் கத்தோலிக்கருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட போதனை.

1995-இல் நாடாளுமன்றம் ஊனமுற்றோருக்கான சட்டத்தை இயற்றியது. அரசு வேலையில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. 2010-இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் புதிய சட்டம், 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, ஏழு வகையாக இருந்த குறைபாடுகளை 21 வகையாக விரித்தது. அரசு வேலை ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. பணிக்காலத்தில் உடல் குறைபாடு அடைந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது என்றும் அது சொல்கிறது.

'அரசு ஊழியரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊரின் கதை இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

ஒரு விரலின் விலை

ஓசூருக்கு 1970-களில் சிப்காட் வந்தது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த நிலத்தில் வண்டிகளும் கடிகாரங்களும் உருவாயின. பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. ஆயிரமாயிரம் குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன. டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை தொடக்க காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளைப் பணியில் சேர்த்தது. தனியார் நிறுவனத்தாலும் அது முடியும் என்பதற்கு நம் ஊரே சான்று.

ஆனால் அதே பட்டறைகளில் பவர் பிரஸ் என்ற இயந்திரமும் இருக்கிறது. தகட்டை வைத்து மிதியை அழுத்தினால் ஒரு நொடியில் உருவம் விழும். கையை எடுக்கத் தவறினால் அதே நொடியில் விரல் போகும்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனி 1884-இலேயே தொழிலாளர் விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதற்படி. அந்தச் சட்டத்தின் முடிவில் ஓர் அட்டவணை இருக்கிறது. உடலின் எந்த உறுப்பு போனால் உழைக்கும் திறன் எத்தனை விழுக்காடு போகும் என்ற பட்டியல் அது. கட்டைவிரலுக்கு 30. முழு ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலா 7. ஒரு கையின் இரு விரல்களுக்கு 20, நான்கு விரல்களுக்கு 50. இரண்டு கைகளும் போனால் 100. கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட கையை இப்படி எண்ணிப் பார்ப்பது நம் மனத்துக்குக் கசக்கிறது. ஆனாலும் அந்த அட்டவணை ஏழைக்கு ஆதரவானது. அதற்கு முன் கையிழந்தவர் முதலாளியின் வீட்டு வாசலில் நின்று எவ்வளவு தருவீர்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அட்டவணை வந்தபின் இவ்வளவு எனக்குச் சேர வேண்டும் என்று சொல்ல முடிந்தது.

அடுத்த படி இ.எஸ்.ஐ. பேராசிரியர் அதார்கர் 1944-இல் தந்த அறிக்கையின் வழியே 1948-இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழகத்துக்கு வந்தது. சட்டங்கள் பின்னர் பலமுறை திருத்தப்பட்டாலும் அந்த விழுக்காட்டுக் கணக்கு இன்றும் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் கூலி பெறும் இளைஞர் வேலையில் இரு விரல்களை இழக்கிறார். முழு இயலாமைக்கான உதவி கூலியில் 90 விழுக்காடு, அதாவது 13,500 ரூபாய். மருத்துவக் குழு அவரது இழப்பை 20 விழுக்காடு என்று முடிவு செய்தால், மாதம் ஏறத்தாழ 2,700 ரூபாய் அவருக்கு வாழ்நாள் முழுவதும் வர வேண்டும். வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உண்டு.

இப்போது மறுபக்கம். விபத்து நடந்த அன்று மருத்துவமனையில் 'பைக்கிலிருந்து விழுந்தார்' என்று எழுதினால், இந்த உரிமை அந்த ஒரு வரியோடு போய்விடுகிறது. விரல் இழந்தவர் மயக்கத்தில் இருக்கிறார். கூட வந்தவர் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். வீட்டார் பயத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சில ஆயிரங்கள் கைக்கு வருகின்றன. மூன்று மாதத்தில் வேலையும் போகிறது.

பிறகு அவர் மாற்றுத்திறனாளி உதவிக்கு விண்ணப்பிக்கிறார். அரசின் மாத உதவிகளுக்கும் ஒதுக்கீட்டுக்கும் பொதுவாக 40 விழுக்காடு குறைபாடு வேண்டும். இரண்டு விரல் இழந்தவருக்கு அந்த அளவு வருவதில்லை. பிரஸ் வேலைக்கு அவர் தகுதியற்றவர், உதவித்தொகைக்கோ அவரது குறைபாடு போதாது. இரண்டு அளவுகோல்களுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறார். அவருக்கு இருந்த ஒரே வழி இ.எஸ்.ஐ.; அதையும் அந்த ஒரு பொய் அடைத்துவிட்டது.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் தினமும் வேலைக்குப் போகிறோம். வேலை கர்நாடகத்தில், ரேஷன் கார்டு தமிழகத்தில். கம்பெனி அங்கே என்பதால் இங்கே எதுவும் கிடைக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. எண் நாடு முழுவதற்கும் ஒன்றே. தனித்துவ அடையாள அட்டை எனப்படும் யு.டி.ஐ.டி. அட்டையும் நாடு முழுவதும் செல்லும். மாத உதவித்தொகைதான் மாநிலத்தைச் சார்ந்தது. அதைக் குடியிருக்கும் மாநிலத்தில் கேட்க வேண்டும். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது? அவர்களுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது.

தாவீது செய்த நீதி

சாமுவேல் இரண்டாம் நூல் 9-ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். யோனத்தானின் மகன் மெபிபொசேத்து இரு கால்களும் ஊனமுற்றவர். யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கி வாழ்கிறார். அரசராகிய தாவீது அவரைத் தேடி ஆள் அனுப்புகிறார். அவர் வந்து கேட்டபின் கொடுக்கவில்லை, அரசரே தேடுகிறார். தேடிக் கண்டபின் மூன்று காரியங்கள் செய்கிறார். பாட்டனார் சவுலின் நிலத்தைத் திருப்பித் தருகிறார். அதைப் பயிரிட சீபாவையும் அவனுடைய பிள்ளைகளையும் ஏற்படுத்துகிறார். தம் பந்தியிலேயே அவரை அமர்த்துகிறார். சொத்துரிமை, உதவியாள், சமமான இடம். நல்ல அரசு செய்ய வேண்டியவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் அரசும் இன்று பலவற்றைச் செய்கிறது. தமிழகத்தில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 முதல் மாதம் 1,500 ரூபாய். கடும் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு உள்ளோருக்குப் பராமரிப்பு உதவி மாதம் 2,000 ரூபாய். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி ஆகியவையும் தரப்படுகின்றன. உலக வங்கியின் உதவியோடு 'உரிமைகள்' திட்டம் நடைபெறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர். எல்லா வீட்டுக் கதவையும் தாவீதைப் போல அரசே வந்து தட்டும் என்று காத்திருக்க முடியாது. அங்கேதான் நம் பங்குச் சமூகத்தின் பணி இருக்கிறது.

ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். இந்தத் தெருவில் வெளியே வராமல் வீட்டுக்குள் இருப்பவர் யார்? அவருக்கு அடையாள அட்டை இருக்கிறதா? வேலையில் அடிபட்டவர் யாராவது உரிமை கேட்காமல் இருக்கிறாரா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கிருஷ்ணகிரியில் உள்ளது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. நடக்க முடியாத ஒருவரை நம் வண்டியில் ஏற்றி அங்கே அழைத்துச் சென்று, மனு எழுதிக் கொடுத்து, உணவு வாங்கிக் கொடுத்துத் திரும்ப அழைத்து வருவது ஒருநாள் வேலை. வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளையோரும் மனம் வைத்தால் முடியும்.

வேலைக்குச் செல்லும் இளைஞர்களே, இ.எஸ்.ஐ. எண்ணை வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோழர் ஒருவருக்கு அடிபட்டால், எங்கே எப்படி நடந்ததோ அதை அப்படியே மருத்துவமனையில் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியை வாங்கி வையுங்கள். பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் உரியது. பட்டறை நடத்தும் பெரியவர்களே, பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்டு உற்பத்தியைக் கூட்டும் ஒவ்வொரு ஷிப்டும் யாரோ ஒரு தாயின் பிள்ளையைப் பணயம் வைக்கிறது. உங்கள் இடத்தில் விரல் இழந்தவருக்குக் கணக்கு எழுதும் வேலையோ, பொருள் சரிபார்க்கும் வேலையோ, ஸ்டோர் வேலையோ இருக்குமானால், அவரை வெளியே அனுப்புமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தொழுகைக்கூடத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். செபிக்க வந்தவர்கள்தாம். கை சூம்பியவரைத் தினமும் பார்த்துப் பழகியவர்கள். இயேசு கேட்ட கேள்விக்கு அவர்கள் மௌனமாய் இருந்தார்கள் என்கிறார் மாற்கு. அந்த மௌனத்தைக் கண்டே ஆண்டவர் சினமும் வருத்தமும் அடைந்தார். இன்று அவர் நம் ஆலயத்துக்கு வந்து, விரல் இழந்த ஒரு பிள்ளையை நடுவே அழைத்து நிறுத்தினால், நாம் மௌனமாய் இருக்கலாகாது.

மன்றாடுவோமாக: ஆண்டவரே, உழைத்த கைகளை இழந்த எங்கள் சகோதர சகோதரிகளை ஆசீர்வதியும். அவர்களுக்குச் சேர வேண்டியதை ஆட்சியாளர்கள் தாமதமின்றித் தரவும், முதலாளிகள் மறைக்காமல் கொடுக்கவும், நாங்கள் உடன் நடந்து பெற்றுத்தரவும் அருள் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.